இல்லத்தில் ஓர் அலுவலறை

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம் முன்னோர் வாக்கு. சொந்த வீடு கட்ட முனைவோர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆயினும், கட்டி முடித்துக் குடிபுகுந்த வீட்டுக்குள்ளேயே குடும்பத் தலைவருக்கு ஒரு தனி வளை வேண்டியிருக்கும் என்பதை அண்மைக் காலம் வரை நம்மில் பெரும்பாலோர் எண்ணிப் பார்த்ததில்லை. சமைக்க ஓர் அறை, துயில ஓர் அறை, விருந்தினரை வரவேற்க ஒரு கூடம் என்று வீட்டைப் பகுத்துக்கொண்டோம். ஆண்மகனின் அலுவல் வெளியே நடந்தது. அதற்கு வீட்டில் இடம் எதற்கு என்றிருந்தோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது இந்த ஏற்பாடு ஒரே நாளில் நிலைகுலைந்தது. கணினித் துறையினர், கணக்கர், ஆசிரியர் எனப் பலதரப்பட்டோர் உணவு மேசையிலும் கட்டில் விளிம்பிலும் அமர்ந்து அலுவலைத் தொடர்ந்தனர். ஊரடங்கு நீங்கிவிட்டது, ஆனால் அந்தப் பழக்கம் முற்றிலும் நீங்கவில்லை. வாரத்தில் சில நாள் அலுவலகத்திலும் சில நாள் இல்லத்திலும் பணிபுரிவது இன்று பல குடும்பங்களில் இயல்பாகிவிட்டது.

இதனால் விளைந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஆயினும் வீடுகளுக்குச் செல்லும்போது வேறொன்றையும் காண்கிறோம். "அப்பா கூட்டத்தில் இருக்கிறார், சத்தம் போடாதே" என்று தாய் பிள்ளைகளை அடக்குகிறார். பாட்டியார் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வெறுஞ்சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கிறார். இல்லத்தரசி குக்கர் விசிலுக்கும் அஞ்சுகிறார். தந்தையோ காலை முதல் இரவு வரை வீட்டிலேயே இருக்கிறார். ஆனால் பிள்ளைகளுக்கு அவர் கிடைப்பதில்லை. முன்பு மாலை ஆறு மணிக்கு வாயிற்கதவைத் திறந்துகொண்டு ஒரு தந்தை வருவார். இப்பொழுது அப்படி வருவதற்கு ஒரு நேரமே இல்லாமற் போயிற்று.

ஆகவே இல்லத்தில் ஓர் அலுவலறையை அமைப்பது தச்சரோடும் மின்பணியாளரோடும் முடிந்துவிடும் காரியமன்று. அது குடும்ப அமைதியைப் பற்றியது. எத்துணை விலையுயர்ந்த மேசை, எத்துணை அழகிய நாற்காலி என்பதைக் காட்டிலும், காலையில் திறந்து மாலையில் மூடத்தக்கதாக அவ்விடம் அமைந்திருக்கிறதா என்பதே முதற்கேள்வி. இக்கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டு மற்றவற்றை நோக்குவோம்.

பழைய வீடுகள் காட்டும் பாடம்

வீட்டிலிருந்தே தொழில் செய்வது நமக்குப் புதியதன்று. காஞ்சிபுரத்து நெசவாளர் இல்லங்களை எண்ணிப் பாருங்கள். கூடத்திலேயே குழித்தறி. நெசவாளர் குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். மனைவியும் மக்களும் நூல் சுற்றித் தருவர். பொற்கொல்லருக்கு வீட்டின் முன்புறமே பட்டறை. வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் தெருவைப் பார்த்த முன்னறை. கட்சிக்காரரும் நோயாளியும் அவ்வளவில் நின்றுகொள்வர். உள்கட்டு குடும்பத்தாருக்கு உரியது. வந்தவர் அமரத் திண்ணையும் இருந்தது.

அவ்வில்லங்களில் தந்தையின் தொழில் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்தது. தறியின் ஓசை நின்றால் வேலை முடிந்தது என்று குழந்தைக்கும் விளங்கிற்று. இன்றைய அலுவலோ கம்பி வழியே, அலை வழியே வீட்டுக்குள் நுழைகிறது. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தந்தை பணி செய்கிறாரா, பந்தாட்டம் பார்க்கிறாரா என்று பிள்ளைக்குத் தெரியாது. வேலை தொடங்கியதும் தெரியாது, முடிந்ததும் தெரியாது. ஆகவேதான் இன்றைய அலுவலறைக்குக் கண்ணுக்குப் புலனாகும் ஓர் எல்லை முன்னிலும் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

மூவரின் பணியறைகள்

அந்த எல்லையை எவ்வாறு வகுப்பது? வீட்டிலிருந்தே பணிபுரிந்த பெயர்பெற்றோர் பலர் இதற்கு விடை கண்டிருக்கின்றனர். மூன்று எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

முதலாவது ஓர் ஓவியம். இத்தாலிய ஓவியர் அந்தோனெல்லோ தா மெசினா ஏறத்தாழ 1475-இல் தீட்டியது. இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த புனித ஜெரோம் தம் படிப்பறையில் அமர்ந்திருக்கும் காட்சி அது. உற்று நோக்கினால் அங்கே அறை என்று ஒன்று இல்லை. உயர்ந்த கல் மண்டபம் ஒன்றின் நடுவே மரத்தாலான ஒரு மேடை, ஏறுவதற்குப் படிகள், மேடைமேல் மேசை, நாற்காலி, நூல் அடுக்குகள். அவ்வளவே. நான்கு சுவர் எழுப்பாமலே, தரையைச் சற்று உயர்த்தியும் நூலடுக்கால் வளைத்தும் ஓர் அறையை ஓவியர் உண்டாக்கிவிட்டார். தனியறைக்கு வழியில்லாத இரண்டு படுக்கையறை வீட்டாருக்கு இது நல்ல பாடம்.

இரண்டாவது, இயற்கை அறிஞர் சார்லஸ் டார்வின். 1842-இல் இங்கிலாந்தில் அன்று கென்ட் பகுதியைச் சேர்ந்திருந்த சிற்றூர் ஒன்றில் டவுன் ஹவுஸ் என்னும் இல்லத்தில் குடியேறிய அவர், 1882-இல் இறக்கும்வரை அவ்வீட்டுப் படிப்பறையிலேயே தம் ஆய்வுகளைச் செய்தார். பெருநூல்கள் பல அங்கேதான் எழுதப்பட்டன. கை வைத்த நாற்காலி ஒன்றில் அமர்ந்து, அதன் கைகளின்மீது ஒரு பலகையைக் குறுக்கே வைத்து எழுதுவார். மாதிரிகளை நோக்க எழுந்து எழுந்து செல்லவேண்டியிருந்ததால் நாற்காலிக்கு உருளைகளும் பொருத்திக்கொண்டார். காலை எட்டு மணிக்குத் தொடங்கி, இடையே கடிதங்களுக்குச் சிறிது நேரம் விட்டு, நண்பகலோடு முதன்மையான வேலையை முடித்துக்கொள்வது அவர் வழக்கம். பிள்ளைகள் கத்தரிக்கோல், நூற்கயிறு, ஊசி என்று எதையேனும் தேடி அறைக்குள் நுழைவதுண்டு. அவர் கடிந்து விரட்டுவதில்லை என்று அவருடைய பிள்ளைகளே பின்னாளில் எழுதிவைத்தனர். அவரது எல்லை சுவரால் அமைந்ததன்று, நேரத்தால் அமைந்தது.

மூன்றாமவர் நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா. தம் வீட்டுத் தோட்டத்தில் சிறு மரக்குடில் ஒன்றை அமைத்து அதில் அமர்ந்து எழுதினார். ஞாயிற்றின் ஒளி படும் பக்கமாகத் திருப்பிக்கொள்ளும்படி அக்குடில் சுழலும் அமைப்பின்மேல் நின்றது. அதற்கு அவர் இட்ட பெயர் 'இலண்டன்'. பார்க்க வருவோரிடம் "ஐயா இலண்டனில் இருக்கிறார்" என்று பொய்யின்றிச் சொல்லலாம் அல்லவா? வேடிக்கைதான், ஆனால் வீட்டார் அனைவரும் அறிந்த ஒரு சொல்லே கதவாகிவிடுகிறது என்பதையும் அது காட்டுகிறது.

இடத்தால் ஓர் எல்லை, நேரத்தால் ஓர் எல்லை, சொல்லால் ஓர் எல்லை. இம்மூன்றும் பொருந்தினால் சிறிய மூலையும் நல்ல அலுவலகம் ஆகும்.

இடம் தேர்தல்

எத்துணை இடம் வேண்டும்? நான்கடி நீளம், இரண்டடி அகலமுள்ள ஒரு மேசை போதும். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுவதற்கு மேசையின் முன் மூன்றடி வேண்டும். ஆக, நான்கடிக்கு ஐந்தடி. இருபது சதுர அடி. மாடிப்படிக்குக் கீழே, கூடத்தின் ஒரு மூலையில், அகன்ற நடைவழியின் முடிவில் இவ்வளவு இடம் பல வீடுகளில் கிடைக்கும்.

கூடத்தின் மூலையானால், மேசைக்கும் மற்ற இடத்துக்கும் நடுவே நான்கடி உயர நூலடுக்கு ஒன்றைக் குறுக்காக நிறுத்துக. ஜெரோமின் மேடை செய்த வேலையை அது செய்யும். அதற்கும் இடமில்லையெனில், சுவரலமாரிக்குள் மடக்கு மேசை பொருத்துவது நன்று. காலையில் கதவைத் திறந்து பலகையை இறக்கினால் அலுவலகம். மாலையில் மடித்துக் கதவைச் சாத்தினால் அது வெறும் அலமாரி.

படுக்கையறையை இயன்றவரை தவிர்க்கவும். உறங்கும் இடத்தில் அலுவல் நுழைந்தால், உறக்கமும் கெடும், இல்லறத் தனிமையும் கெடும். வேறு வழியில்லையெனில் கட்டிலிலிருந்து மேசை தெரியாதவாறு ஒரு திரையேனும் இடுக. பால்கனியை அடைத்து அறையாக்க எண்ணுவோர், அது மேற்குப் பார்த்ததா என்று முதலில் காண்க. பிற்பகல் வெயில் நேரே தாக்கும் பால்கனியில் சித்திரை மாதத்து மூன்று மணிக்கு எவராலும் அமர இயலாது.

மேசையும் நாற்காலியும்

நம் தச்சர்கள் வழக்கமாகச் செய்யும் மேசை இரண்டரை அடி உயரம். உண்பதற்கு அது சரி. தட்டச்சு செய்வதற்கு நம்மில் பலருக்கு அது உயரம் கூடுதல். தோள்கள் தாமே மேலேறி, மாலையில் கழுத்து வலிக்கும். ஆகவே தச்சரிடம் செல்லுமுன் அளவெடுத்துக்கொள்ளுங்கள். பாதம் தரையில் படிய நாற்காலியில் நிமிர்ந்து அமர்க. முழங்கையைச் செங்கோணமாக மடக்குக. தரையிலிருந்து முழங்கை வரையுள்ள உயரமே உங்கள் மேசைக்கு உரிய உயரம். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவருக்கு அது 26, 27 அங்குல அளவில் அமையும். மேசை ஏற்கெனவே இருக்கிறதெனில் அதை வெட்டவேண்டாம். நாற்காலியை உயர்த்திக் காலுக்கு ஒரு மணைப்பலகை இடுக.

மடிக்கணினியை மேசைமேல் அப்படியே வைத்துக் குனிந்து பார்ப்பதே கழுத்து வலிக்குப் பெருங்காரணம். தடித்த நூல்கள் சிலவற்றை அடுக்கி அதன்மேல் கணினியை வைத்து, தனி விசைப்பலகையும் சுட்டியும் கொள்க. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ நிற்கவேண்டும். கண்ணுக்கும் திரைக்கும் ஒரு கை நீளம், அதாவது 20 முதல் 28 அங்குல இடைவெளி தகும். இருபார்வைக் கண்ணாடி அணிவோர் திரையை இன்னும் சற்றுத் தாழ்த்திக்கொண்டால் தலையை அண்ணாந்து பார்க்கும் தொல்லை நீங்கும்.

செலவிடப் பணம் குறைவெனில் மேசையில் குறைத்து நாற்காலிக்குக் கொடுங்கள். இடுப்பின் வளைவைத் தாங்கும் முதுகு, உயர்த்தித் தாழ்த்தும் இருக்கை, முழங்காலின் பின்புறத்தை அழுத்தாத முன்விளிம்பு: இம்மூன்றையும் பார்த்து வாங்குக. பெரிய அதிகாரியின் தோரணை தரும் கருந்தோல் நாற்காலி கடையில் கண்ணைப் பறிக்கும். நம் வெப்பத்தில் அது முதுகில் ஒட்டும். வலைபின்னிய முதுகு நம் நாட்டுக்கு ஏற்றது. நம் பாட்டனார் பிரம்பு பின்னிய நாற்காலியை விரும்பியதும் இக்காரணத்தாலேயே.

எவ்வளவு நல்ல நாற்காலியும் தொடர்ந்து அமர்வதற்கு அன்று. அரை மணிக்கு ஒருமுறை எழுக. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபதடி தொலைவிலுள்ள பொருளை இருபது நொடி நோக்குக என்று கண் மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். சன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருந்தால் அதுவே போதும்.

ஒளி, காற்று, ஒலி, மின்சாரம்

சன்னல் மேசைக்குப் பக்கவாட்டில் அமைவது சிறப்பு. எதிரே இருந்தால் கண் கூசும். பின்னே இருந்தால் அதன் நிழலுரு திரையில் தெரியும். கூசாத, சீரான ஒளி தருவது வடக்குச் சன்னல். சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் ஞாயிறு சற்றே வடக்கே சாய்ந்து நிற்பதால், அச்சன்னலுக்கும் ஒரு மழைத்தடுப்பு வேண்டும். படிக்கவும் எழுதவும் மேசைமேல் 300 முதல் 500 லக்ஸ் ஒளி தகும் என்பது கணக்கு. கூடத்து விளக்கு ஒன்றே இதைத் தந்துவிடாது. தனி மேசைவிளக்கு கொள்க. வலக்கையால் எழுதுவோருக்கு அது இடப்புறம் இருந்தால் கை நிழல் தாளில் விழாது. மின்விசிறிக்கு மேலே விளக்குப் பொருத்தினால் இறக்கைகளின் நிழல் இடைவிடாது ஓடித் தலைவலி தரும்.

வெறும் சுவரும் பளிங்குத் தரையும் உள்ள அறையில் பேச்சு எதிரொலிக்கும். நூல்கள் நிறைந்த அடுக்கு, தடித்த பருத்தித் திரை, சுவரில் தொங்கும் ஒரு கோரைப்பாய்: இவை எதிரொலியைத் தணிக்கும். கதவின் அடியிலுள்ள இடைவெளி வழியேயும் ஓசை நுழைகிறது. ஒரு ரப்பர்ப் பட்டையால் அதை அடைத்துவிடலாம். காதொலிப்பான் அணிந்து பேசினால் வீட்டார் தொலைக்காட்சியை அணைக்கவேண்டியதில்லை.

மின்சாரத்தில் சிக்கனம் வேண்டாம். மேசையருகே நிலத்தொடர்புள்ள மூன்று நான்கு பிளக் துளைகளை முறையாக அமைத்துக்கொள்க. ஒரு நீட்டிப்புப் பெட்டியில் மற்றொன்றைச் செருகி, அதில் இன்னொன்றைச் செருகுவது தீ விபத்துக்கு அழைப்பு விடுப்பதாகும். இணையப் பெட்டியை இரும்பு அலமாரிக்குள் ஒளிக்காமல் வீட்டின் நடுவே உயரத்தில் வைத்தால் அலை எங்கும் பரவும். மின்தடை மிகுந்த ஊர்களில் அதற்கென்றே கிடைக்கும் சிறு மின்கலப் பெட்டி பேருதவி புரியும்.

அழகு என்பது யாது?

ஆண்களுக்குரிய அறை என்றாலே கருமரம், தோல் இருக்கை, சுவர் நிறைய நவீனக் கருவிகள் என்று விளம்பரங்கள் காட்டுகின்றன. உண்மையான மிடுக்கு அடக்கத்தில் இருக்கிறது. வெண்மை கலந்த மங்கிய நிறம் மூன்று சுவருக்கு. வேண்டுமாயின் நான்காவதற்கு மண்ணின் நிறமோ அடர்பச்சையோ ஆகலாம். மேசைப் பலகை பளபளப்பின்றி இருக்கட்டும். பளபளத்தால் விளக்கொளி கண்ணில் பாயும். பாட்டனார் வீட்டுப் பழைய தேக்குக் கதவு எங்கேனும் சாய்ந்து கிடந்தால், இழைத்து மெருகிட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காத மேசைப் பலகை ஆகிவிடும். கம்பிகளை மேசைக்கு அடியில் ஒரு தட்டில் கட்டி மறைத்துவிடுக. மேசைமேல் அன்றைய வேலைக்கு வேண்டியவை மட்டுமே இருத்தல் வேண்டும்.

ஒளிக்காட்சியில் பேசுவோர் மற்றொன்றையும் கருதவேண்டும். உங்களுக்குப் பின்னே சுவர் தெரியட்டும். சமையலறை வாயிலும் படுக்கையறைக் கதவும் தெரியவேண்டாம். வீட்டுப் பெண்கள் தங்கள் வீட்டிலேயே ஒளிந்து ஒதுங்கி நடக்க வேண்டிய நிலையை எந்த அலுவலும் உண்டாக்கலாகாது.

அறை யாருக்கு?

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். கணவன் மனைவி இருவருமே இல்லத்திலிருந்து பணிபுரியும் குடும்பங்கள் இன்று பல. அவற்றிலும் கதவுள்ள அறை கணவருக்கு, உணவு மேசை மனைவிக்கு என்ற ஏற்பாடே பெரும்பாலும் காணப்படுகிறது. யாரும் கூடிப் பேசி இவ்வாறு முடிவு செய்ததில்லை. தானாகவே அப்படி அமைந்துவிட்டது. அதனாலேயே அது நியாயம் ஆகிவிடாது. கதவு யாருடைய பதவிக்கும் உரியதன்று. அந்த நேரத்தில் பேசவேண்டிய வேலைக்கு உரியது. ஞாயிறு மாலை இருவரும் வாரத்தின் கூட்டங்களை ஒரு தாளில் குறித்து, எந்த மணிக்கு யார் உள்ளே என்று வகுத்துக்கொண்டால் பூசல் எழாது. தேர்வுக்குப் படிக்கும் மகளுக்கும் அத்தாளில் ஒரு வரி இருக்கட்டும். 'ஆண்களின் அறை' என்று தொடங்கியது வீட்டாரின் அறையாக வளர்ந்தால் அதில் ஆணுக்கு எவ்விதக் குறைவும் இல்லை.

மூடும் வேளை

இறுதியாக, கதவு. தொடங்கும் வேளையைப் போலவே முடியும் வேளையையும் குடும்பத்தார் அறிய உரைத்துவிடுங்கள். கதவில் தொங்கும் ஒரு சிறு பலகையின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை என்றிருந்தால் நான்கு வயதுக் குழந்தைக்கும் விளங்கும். சிவப்பிலும் டார்வினைப் போல ஒரு கத்தரிக்கோலுக்கு இடம் கொடுங்கள். நேரம் முடிந்ததும் கணினியை அணைத்து, மடக்கு மேசையை உயர்த்தி, அலுவல் கைப்பேசியை உள்ளேயே விட்டுவிட்டு வெளியே வாருங்கள். தெருமுனை வரை ஒரு நடை நடந்து வாயில் வழியாகத் திரும்பி வருவது இன்னும் நன்று. அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் வழி உங்களுக்கு இல்லாமற் போயிற்றே, அதை மீண்டும் உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

அலுவல் முடிவதே இல்லை என்பீர்கள். உண்மைதான். நெசவாளருக்கும் மறுநாளைக்குத் தறியில் பாவு எஞ்சித்தான் இருந்தது. ஆயினும் அவர் குழியிலிருந்து எழுந்தார். நல்ல மேசை, நல்ல நாற்காலி, நல்ல விளக்கு ஆகிய யாவும் பகற்பொழுதின் வேலையைப் பகற்பொழுதிலேயே முடிக்க உதவும் கருவிகள். அவற்றைக் கொண்டு மிச்சப்படுத்தும் மாலைப்பொழுது உங்கள் பிள்ளைகளுக்கு உரியது. வீட்டில் இருக்கும் தந்தை, அந்த மாலையிலேனும் வீட்டாருக்குக் கிடைப்பாராக.